கொரியன் படிக்கப் போகிறீர்களா? தமிழ் வழியாகவே போங்கள்

ஆராய்ச்சிக்கோ வேலைக்கோ தென் கொரியாவில் தேஜோன், சுவோன் பக்கம் புதிதாக வந்தவர்கள் கேட்பது இதுதான்: "ஆய்வகத்தில் ஆங்கிலமே போதும், இந்த வயதில் கொரியன் தேவையா, வருமா?" தேவை. கண்டிப்பாக வரும். ஆனால் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு அதைக் கொரியனாக மாற்றாதீர்கள்.

"நான் நாளைக்கு பூசானுக்குப் போகிறேன்" என்பதை அதே வரிசையில் சொன்னால் போதும்: "ஜோனுன் நேயில் பூசானே காயோ". வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். எல்லாம் நம் வழக்கம்தான். அரசர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தும் அப்படியே. இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் "கோகி"யில் ஒரே எழுத்து இரண்டு முறை வரும். முதலில் வன்மையாக, அடுத்து மென்மையாக. "காகம்" படிக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டவர் பலர் தடுமாறும் "உ" போன்ற அந்த உயிர், "அது" என்பதன் கடைசியில் நாம் உதட்டைக் குவிக்காமல் சொல்கிற குற்றியலுகரத்துக்குக் கிட்டத்தட்ட சமம்.

அப்புறம் எங்கே சிக்கல்? முதலில் காதில். நிலா, முகமூடி, மகள் மூன்றையும் தமிழில் எழுதினால் "தல்" என்றே வரும். கொரியனில் மூன்றும் வேறு: ஒன்று இயல்பான த, ஒன்று மூச்சு விட்டுச் சொல்லும் த, ஒன்று தொண்டையை இறுக்கிச் சொல்லும் த. ஆகவே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைத்துப் படிப்பதை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று புணர்ச்சி. நாம் முள்+செடி சேர்ந்தால் "முட்செடி" என்று எழுதிவிடுகிறோம். அவர்கள் எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றுவார்கள். "ஹப்-நி-தா" என்று எழுதியிருக்கும், காதில் "ஹம்னிதா" என்று விழும்.

பாடம் நன்றாகப் போகிற ஆள்கூடக் கடையில் பணம் கட்டும் இடத்தில் திணறுவதைப் பார்க்கிறேன். அங்கே வருவது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: பை வேண்டுமா, பாயின்ட் சேர்க்கணுமா, ரசீது வேண்டுமா. மூச்சு விடாமல் வரும். இந்த மூன்றையும் முதலில் பழகுங்கள். தினமும் இலவசப் பயிற்சி கிடைக்கும். நேரம் சொல்வதும் அப்படித்தான். அவர்களிடம் எண்கள் இரண்டு வகை. மூன்றரை மணி என்றால் மூன்றுக்குக் கொரிய எண் "செ", முப்பதுக்குச் சீன வழி எண் "சாம்சிப்". விதியை நினைத்துக் கணக்குப் போட்டால் வராது, முழுத் தொடராக வாயில் பழக்குங்கள்.

மரியாதை விஷயத்தில் கவனம் வேண்டும். வினையின் கடைசியில் வரும் "யோ"வை நம் "ங்க" மாதிரி வைத்துக்கொள்ளலாம். டிவி தொடர்களில் நண்பர்கள் பேசுகிற பன்மால், அதாவது மரியாதை இல்லாத பேச்சு, அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டால், பேராசிரியரிடம் "நீ வா" என்றது போல ஆகிவிடும். இபிஎஸ் என்ற வேலை அனுமதித் திட்டம் வழியாக இலங்கையிலிருந்து வரும் தம்பிகளுக்கு நிலைமை நேர்மாறு. தேர்வுக்கு மரியாதை வழக்கைப் படித்துவிட்டு வருவார்கள். பட்டறையில் மேற்பார்வையாளர் பேசுவது பன்மால், கிம்ஹே, சாங்வோன் பக்கம் என்றால் அதுவும் கியோங்சாங் வட்டார வழக்கில். அது புரியவில்லை என்றால் படிப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். தயங்காமல் திரும்பக் கேளுங்கள், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது இன்னும் கட்டாயமாக.

வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வந்ததும் நீதி அமைச்சகத்தின் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் பதியுங்கள். முன்தேர்வு வைத்து உங்கள் கொரியன் எந்த நிலை என்று சொல்வார்கள். அடிப்படை நிலை 15 மணி நேரம், 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் 100 மணி நேரம். வார இறுதி வகுப்பும் இணைய வகுப்பும் உண்டு. டோபிக் என்ற கொரியன் மொழித் தேர்வின் சான்றிதழ் 2 ஆண்டுதான் செல்லும். இந்தத் திட்டத்தின் நிலைகள் பின்னால் குடியிருப்பு விசாவுக்கும் கைகொடுக்கும். கூட வந்திருக்கும் கணவன் அல்லது மனைவியையும் அதே வாரத்தில் பதிந்துவிடுங்கள். நீங்கள் ஆய்வகத்தில் இருக்கும்போது மருத்துவமனையிலும் குழந்தையின் பள்ளியிலும் பேச வேண்டியவர் அவர்தான்.