யூ.கே.வில் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்களுக்கு: யாரிடம், எப்போது, எப்படி உதவி கேட்பது

நம் ஊர்க் கல்லூரியில் பத்து நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். இங்கே வராது. 18 வயது முடிந்தவர் தனி ஆள் என்பதுதான் கணக்கு. அப்பாவே மெயில் போட்டுக் கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் வாய் திறக்காது. உதவிக்குப் பஞ்சமில்லை, கட்டின ஃபீஸிலேயே அதுவும் அடக்கம். ஆனால் நாமாகப் போய்க் கேட்க வேண்டும், டெட்லைனுக்குள் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். பலர் கோட்டை விடுவது கடைசி இரண்டில்தான்.

பாடத்தில் சந்தேகம் என்றால் மாட்யூல் லீடர், அதாவது அந்தப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியர். வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் அவருக்கு 'ஆஃபீஸ் அவர்ஸ்' இருக்கும். அசைன்மென்ட் கேள்வியை நாம் புரிந்துகொண்டது சரியா என்று அப்போது போய்க் கேட்பது தொந்தரவே இல்லை, அதற்காகத்தான் அந்த நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். மெயில் எழுதினால் மாணவர் எண், மாட்யூல் கோடு, ஒரே ஒரு தெளிவான கேள்வி. அவ்வளவு போதும்.

படிப்பு, உடம்பு, மனசு, பணம், எதுவானாலும் பேச்சைத் தொடங்க பர்சனல் ட்யூட்டர் இருக்கிறார். சரியான இடத்துக்குக் கைகாட்டுவார். ஆனால் அவர் காதில் போட்டுவிட்டதாலேயே எதுவும் பதிவாகிவிடாது. "அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதை ட்யூட்டரிடம் சொல்லிவிட்டேனே" என்று நிம்மதியாக இருந்துவிட்டு, லேட்டாகச் சமர்ப்பித்து, மார்க் வெட்டு விழுந்த பிறகு தவிக்கும் பிள்ளைகளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் தனி.

அந்த விண்ணப்பத்தை 'எக்ஸ்டென்யுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்', சுருக்கமாக ஈ.சி. என்பார்கள். சில இடங்களில் 'மிட்டிகேட்டிங்'. மூன்று விஷயத்தைப் பார்ப்பார்கள்: பிரச்சினை நம் கையை மீறியதா, முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பில்லையா, அந்தக் குறிப்பிட்ட டெட்லைனைப் பாதித்ததா. நோய், விபத்து, நெருங்கிய உறவின் மரணம் எல்லாம் வரும். லேப்டாப் பழுது, இரண்டு டெட்லைன் ஒரே வாரத்தில் விழுந்தது, பார்ட்-டைம் ஷிஃப்ட், டிக்கெட் முன்பே போட்டாகிவிட்டது என்றெல்லாம் எழுதினால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். ஃபைலை க்ளவுடில் சேமித்து வைப்பது நம் பொறுப்பு.

ஆதாரத்தில் தேதி பேச வேண்டும். மார்ச் 10 டெட்லைனுக்கு ஏப்ரலில் வாங்கின டாக்டர் சீட்டு உதவாது. காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரைப் பார்க்காமல் பிறகு போய்ச் சான்று கேட்டால், "உடம்பு சரியில்லாமல் இருந்ததாக மாணவர் சொல்கிறார்" என்றுதான் எழுத முடியும். அதற்கு மதிப்பு குறைவு. ஊரில் பாட்டி தவறிப்போனால் இறப்புச் சான்றிதழ், தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு. கைக்கு வரத் தாமதமானாலும் ஃபாரத்தை முதலில் போட்டுவிடுங்கள், ஆதாரம் பின்னால் வரும் என்று அதிலேயே எழுதலாம். சில நாள் சின்ன நீட்டிப்புக்கு ஆதாரமே கேட்காமல் சுயசான்றை ஏற்கும் இடங்களும் உண்டு, உங்கள் விதிமுறையில் தேடுங்கள்.

ஈ.சி. கிடைத்தால் மார்க்கை ஏற்றிப் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கூடுதல் அவகாசம், லேட் வெட்டு நீக்கம், அல்லது அடுத்த முறை முதல் முயற்சியாகவே எழுதும் வாய்ப்பு, இவைதான் கிடைக்கும். இந்த மூன்றாவதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. ஈ.சி. இல்லாமல் ஃபெயிலாகி மறுபடி எழுதினால், நீங்கள் 75 வாங்கினாலும் மாஸ்டர்ஸில் வழக்கமாக 50-க்கு மேல் பதிவாகாது. "அரியர்தானே, எழுதிக்கலாம்" என்ற நம் ஊர் தைரியம் இங்கே செல்லாது. இன்னொன்று: பல இடங்களில் பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தாலே உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். 102 டிகிரி காய்ச்சலோடு போய் எழுதிவிட்டு அப்புறம் ஈ.சி. கேட்டால் அதை ஏற்க வைப்பது கடினம்.

அதனால் வந்த முதல் வாரமே ஜி.பி.யில், அதாவது உள்ளூர்க் குடும்ப டாக்டரிடம், பதிவு செய்யுங்கள். விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் ஏற்கெனவே கட்டியிருக்கிறீர்கள்; பதிவுக்குத் தனியாகக் காசு கிடையாது. ஆங்கிலத்தில் வலியைச் சொல்லத் தயக்கமா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லுங்கள், அதற்கும் கட்டணமில்லை. சான்றுக் கடிதத்துக்கு மட்டும் சில ஜி.பி.க்கள் பணம் கேட்கலாம்.

சர்க்கரை நோய், டிஸ்லெக்சியா, நீண்டநாள் மனச்சோர்வு இருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் ஈ.சி. போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 'டிசபிலிட்டி சர்வீஸ்' என்ற பெயரைப் பார்த்து விலகிப் போகாதீர்கள். 2010-ஆம் ஆண்டு ஈக்வாலிட்டி சட்டத்தின்படி, ஒரு வருஷம் நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் உடல், மனக் குறைபாடுகள் அதில் அடங்கும். பரீட்சையில் 25 சதவீதம் கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடுகள் கிடைக்கும். ஊரில் வாங்கின மருத்துவ ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். பரீட்சை ஏற்பாட்டுக்கு வாரக்கணக்கில் முன்பே கேட்க வேண்டும்.

கேள்வி: அக்கா, கவுன்சலிங் போனால் விசாவில் பிரச்சினை வருமா? வீட்டுக்குத் தெரியுமா?

வராது தம்பி. விசாவைப் பார்க்கும் அரசுத் துறையான ஹோம் ஆஃபீஸுக்குப் பல்கலைக்கழகம் சொல்வது நீங்கள் படிக்கிறீர்களா, வருகிறீர்களா என்பதை. கவுன்சலரிடம் பேசியது அதில் சேராது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டுமே ரகசியத்தை மீறுவார்கள். கேம்பஸ் கவுன்சலிங் சில அமர்வுகளோடு முடிந்துவிடும், காத்திருப்பும் இருக்கும். இங்கிலாந்தில் என்றால் ஜி.பி.யில் பதிவு செய்தவர் என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) தரும் டாக்கிங் தெரபீஸ் என்ற பேச்சு சிகிச்சைக்கு யார் சிபாரிசும் இல்லாமல் நேரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நடுராத்திரியில் மனம் உடைந்தால் 116 123, சமாரிட்டன்ஸ் என்ற உதவி எண், இலவசம். இங்கிலாந்தில் 111 அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழு எடுக்கும். உயிர் ஆபத்து என்றால் 999. இந்த எண்களை இப்போதே போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு செமஸ்டர் நிறுத்திட்டு ஊருக்குப் போயிட்டு வரலாமா?

'இன்டரப்ஷன்' ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் அட்வைசரைப் பாருங்கள். ட்யூட்டர் நல்லெண்ணத்தில் "ரெஸ்ட் எடு" என்பார்; விசா ஆலோசனை அவர் வேலை இல்லை. 60 நாளுக்குள் திரும்பிவிடும் இடைவெளி என்றால் உங்கள் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஸ்பான்சர்ஷிப்பைத் தொடர வழி இருக்கலாம். அதைத் தாண்டினால் பொதுவாக ஹோம் ஆஃபீஸுக்குத் தகவல் போய் விசா சுருங்கும், திரும்பி வரப் புது விசா போட வேண்டியிருக்கும். 'ரீசிட் வித்தவுட் அட்டென்டன்ஸ்' (வகுப்புக்கு வராமல் மறுபடி எழுதுவது) என்று முடிவு வந்தாலும், விசா என்னவாகும் என்று அதே அட்வைசரிடம் கேளுங்கள்.

வேலை நேரத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். டெர்மில் வாரம் 20 மணி. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு. மாஸ்டர்ஸில் டிசர்டேஷன் எழுதும் கோடைக்காலமும் டெர்ம்தான், லீவு இல்லை. ஆப் வழியாகச் சாப்பாடு டெலிவரி செய்வது சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் அனுமதியே இல்லை. பணமுடை என்றால் பல்கலைக்கழக ஹார்ட்ஷிப் ஃபண்ட் கேளுங்கள். அது அரசு உதவித்தொகை அல்ல என்பதால் அரசு உதவிப் பணம் வாங்கக் கூடாது என்ற விசாவின் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' தடை அதற்குப் பொருந்தாது. பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள்.

கேள்வி: எனக்கு 62 தான் வந்திருக்கு. ஊரில 85 எடுத்தனான். ஃபெயிலாகிடுவேனோ?

இல்லை. 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 62 நல்ல மார்க். ஃபீட்பேக்கைப் படித்துவிட்டு 'அகாடமிக் ஸ்கில்ஸ்' பிரிவில் ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். பெரும்பாலும் குறை ஆங்கிலத்தில் இருக்காது. படித்ததைத் தொகுத்துச் சொல்லிவிட்டு, அது சரியா என்று நாம் வாதிடாமல் விட்டதில் இருக்கும்.

ரெஃபரன்சிங், அதாவது எடுத்தாண்டதற்கு மூலம் காட்டுவது, தெரியாமல் மாட்டுகிறவர்களும் அதிகம். பிற எழுத்தோடு ஒத்துப்போவதைத் தேடும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்துக்குள் பாஸ், ஃபெயில் எதுவும் இல்லை. 8 சதவீதத்திலும் காப்பி இருக்கலாம். ரூம்மேட்டுக்கு "மாடல் பார்க்க" உங்கள் அசைன்மென்ட்டைக் கொடுத்து அவர் அதை எடுத்துப் போட்டால் கொடுத்தவர் மேலும் 'கொலூஷன்' (கூட்டுச் சேர்ந்து ஏமாற்றிய) குற்றச்சாட்டு வரும். வாட்ஸ்அப்பில் எழுதித் தருகிறோம் என்று வருபவர்களை நம்பவே நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 2022 முதல் அந்தச் சேவை சட்டவிரோதம், பணம் வாங்கின பிறகு காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டுவதும் நடக்கிறது. எழுதிய டிராஃப்ட்களையும் வெர்ஷன் ஹிஸ்டரியையும் அழிக்காமல் வையுங்கள். சந்தேகம் எழுந்தால் அதுவே உங்கள் சாட்சி.

விசாரணைக் கடிதம் வந்தால் பதில் எழுதும் முன் ஸ்டூடண்ட்ஸ் யூனியன் அட்வைஸ் சென்டருக்குப் போங்கள். பொதுவாக இது பல்கலைக்கழக நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத இடம், இலவசம், பல இடங்களில் விசாரணைக்குக் கூடவே வந்து உட்காருவார்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் அப்பீலுக்கு வழக்கமாக இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம், தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். "இன்னும் மார்க் போட்டிருக்கலாம்" என்பது காரணமாகாது; நடைமுறை மீறல், பாரபட்சம், முன்பு சொல்ல முடியாமல் போன சூழ்நிலை இவை மட்டுமே. உள்ளே எல்லாம் முடிந்ததும் 'கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ்' கடிதம் தருவார்கள். இங்கிலாந்து, வேல்ஸில் அந்தக் கடிதத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ. என்ற, மாணவர் புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். கடிதம் தானாக வராவிட்டால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.