இடது இடுப்பில் அறுவை சிகிச்சை, மருத்துவர் வலக்கைக்காரர்: கவலைப்பட வேண்டுமா?

வயது 29, பெண், ஊர் கோவை. இடது இடுப்பில் ஹிப் டிஸ்பிளேசியா. தொடை எலும்பின் தலையை இடுப்புக் குழி முழுதாக மூடவில்லை. குழி தலையை எவ்வளவு மூடுகிறது என்று காட்டும் சென்டர் எட்ஜ் கோணம் எக்ஸ்ரேயில் 14 டிகிரி. 25-க்கு மேல் இருக்க வேண்டியது. இரண்டு ஆண்டுகளாகக் கவட்டில் வலி, மாலையானால் நொண்டல். எட்டு மாதம் பிசியோதெரபி செய்தேன், ஆறு கிலோ குறைத்தேன். மூட்டுக்குள் போட்ட ஊசி மூன்று வாரம் தாங்கியது, அவ்வளவுதான். குருத்தெலும்பு தேயவில்லை என்பதால் மூட்டு மாற்று வேண்டாம், பிஏஓ (பெரிஅசெடாபுலர் ஆஸ்டியாட்டமி, இடுப்புக் குழியைத் திருப்பி வைக்கும் அறுவை) செய்யலாம் என்கிறார்கள் நான் பார்த்த இரண்டு மருத்துவர்களும்.

1984-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற எலும்பு மருத்துவர் தொடங்கிய முறை அது. குழியைச் சுற்றி எலும்பை வெட்டி, திருப்பி, திருகாணியால் நிறுத்துவார்கள். உட்காரும் எலும்பில் போடும் வெட்டு நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. கை உணர்வும் எக்ஸ்ரே திரையும்தான் துணை. அங்கேதான் என் சந்தேகம். பக்கம் மாறும்போது வலக்கைக்காரரின் உளி பிடிக்கும் கோணமும் மாறாதா? எனக்கு அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் கேட்டேன், சிரித்தார். பதில் வரவில்லை. அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் அறுவை. இங்குள்ள எலும்பு மருத்துவர்களே, பிஏஓ செய்துகொண்டவர்களே: இடப்பக்கம் செய்தவர்களின் முடிவுகளைத் தனியாகக் காட்டும்படி மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வியா?