ஒரே வகுப்பில் 62 பேர்: ரிசல்ட் வருமா, வராதா?

பழைய கணக்கு வாத்தியார்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் பற்றி நேற்று நடந்த பேச்சில் கொங்கு நாட்டான் என்பவர் இப்படி எழுதியிருந்தார்: "வகுப்புக்கு 30 பேர் வைத்து நடத்தும் தனியார் பள்ளியில் ரிசல்ட் வரும். 60 பேரை அடைத்து வைக்கும் அரசுப் பள்ளியில் வராது. இதில் பேச ஒன்றுமே இல்லை."

பேச நிறைய இருக்கிறது. அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

நான் 31 வருடம் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவன். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பஸ் வந்த ஊர் அது. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டம்தான் தொழில். காலையில் அப்பாவுக்குக் கருவேல விறகு அடுக்கிக் கொடுத்துவிட்டு, கையில் முள் கீறலோடு பள்ளிக்கு வருவார்கள். 2009இல் என் பத்தாம் வகுப்பில் 62 பேர். 58 பேர் பாஸ். கணக்கில் மட்டும் 60 பேர் பாஸ், அதில் நான்கு பேர் நூற்றுக்கு நூறு. 62 பேர், ஒரே வகுப்பு. இதற்கு என்ன பதில்?

கொங்கு நாட்டான்

ஐயாவுக்கு வணக்கம். உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஒரு வருடத்து ஒரு வகுப்பை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். என் மகன் ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தான். செக்‌ஷனுக்கு 32 பேர். காலை ஐந்து மணிக்கு எழுப்புவார்கள், தினமும் ஸ்லிப் டெஸ்ட். 32 தாள் என்றால் அன்று ராத்திரியே திருத்தி, மறுநாள் காலையில் தப்பு எங்கே என்று பையனைக் கூப்பிட்டுச் சொல்ல முடியும். 62 தாளை எப்போது திருத்துவீர்கள்? அந்தப் பள்ளி நூறு சதவீதம்.

பழைய கணக்கு வாத்தியார்

யாருடைய நூறு சதவீதம்? வாசலிலேயே மார்க் ஷீட்டைப் பார்த்து, நல்ல மார்க் எடுத்தவனை மட்டும் உள்ளே விடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிறவனின் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்கள் பையனுக்கு எங்கள் பள்ளி சரிப்படாது" என்று டிசியைக் கையில் கொடுக்கிறார்கள். அந்த டிசியோடு அவன் எங்கே வருகிறான்? என்னிடம்தான் வந்தான். அந்த 62 பேரில் ஐந்து பேர் அப்படி வந்தவர்கள். தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் போவதற்கு முன்னால் பெயரைக் கழித்துவிட்டால் யாருக்கும் நூறு சதவீதம் வரும். நான் ஒரு பெயரைக்கூடக் கழிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவந்தது எதற்காக? பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்காமலே, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகள் இருந்ததால்தான். பையன் காலேஜில் முதல் வருடம் விழி பிதுங்கி நின்றான். ஒரே பாடத்தை இரண்டு வருடம் நடத்தினால் 32 பேரும் தேறுவார்கள், 92 பேரும் தேறுவார்கள்.

மாடக்குளத்தான்

வாத்தியார் ஐயா, ஒரு சின்னக் கேள்வி. 62 பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்களா? இல்லை, 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று இருந்ததா?

பழைய கணக்கு வாத்தியார்

ஒரே வகுப்பு என்று எழுதியிருக்கிறேனே.

மாடக்குளத்தான்

வகுப்பு என்றால் பத்தாம் வகுப்பு முழுவதையும் சொல்லலாம். நான் கேட்பது அறையை. நானும் அரசுப் பள்ளியில் படித்தவன்தான். எங்கள் அறை 20க்கு 20 அடி. பெஞ்சுக்கு ஐந்து பேர், பத்து பெஞ்ச், ஐம்பது பேர். அதற்கு மேல் ஒரு ஆள் உட்கார இடம் கிடையாது. 62 எப்படி?

பழைய கணக்கு வாத்தியார்

மிச்சம் 12 பேர் தரையில் உட்கார்ந்தார்கள். வாரம் ஒரு முறை மாற்றி மாற்றி உட்கார வைப்பேன். பெஞ்ச் எண்ணுகிறவர்களுக்கு இது புரியாது.

புள்ளிவிவரம்

எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் எதை ரிசல்ட் என்கிறீர்கள்? 35 எடுத்துப் பாஸ் ஆவதா, சராசரி மதிப்பெண்ணா? ஆசிரியர்-மாணவர் விகிதமும் வகுப்பில் உட்காரும் தலைகளின் எண்ணிக்கையும் வேறு வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. இது விகிதம். 40 பிள்ளைகள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். விகிதம் 20 என்று அழகாக இருக்கும். ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் மூன்று வகுப்பை ஒரே இடத்தில் வைத்து நடத்த வேண்டும். அங்கே குறைந்த எண்ணிக்கையால் என்ன லாபம்?

அமெரிக்காவில் டென்னஸீ மாநிலத்தில் 1985இல் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து, சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர், சிலவற்றில் 22 முதல் 25 பேர். சின்ன வகுப்புப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் அதிகம். ஆனால் அது மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை. பத்தாம் வகுப்புக்கு அதை அப்படியே தூக்கி வர முடியாது.

கொங்கு நாட்டான்

பாருங்கள், சின்ன வகுப்புதான் நல்லது என்று அவரே சொல்லிவிட்டார்.

பழைய கணக்கு வாத்தியார்

22 பேரையே பெரிய வகுப்பு என்கிற நாட்டுக் கதையை என் 62 பேரிடம் கொண்டுவராதீர்கள்.

இரண்டு பிள்ளை அம்மா

நான் இங்கே புதிது. என் பெரிய பெண் ஐந்தாம் வகுப்பு, தனியார் பள்ளி. ஊர், பேர் வேண்டாம். சேர்க்கும்போது வகுப்புக்கு 30 பேர்தான் என்று சொன்னார்கள். இப்போது 48 பேர். ஹோம்வொர்க் நோட்டில் எல்லாப் பக்கத்திலும் ஒரு டிக் மட்டும் இருக்கிறது. அவள் தப்பாகப் போட்ட வகுத்தல் கணக்குக்கும் டிக். அந்த டீச்சரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, 48 நோட்டை அவர் எப்படிப் படிப்பார்? சின்னவன் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மொத்தம் 14 பேர். எண்ணும் எழுத்தும் என்று விளையாட்டாகச் சொல்லித் தருகிறார்கள், காலை உணவும் அங்கேயே. அக்காவை விட வேகமாக வாசிக்கிறான். பெரியவளையும் அங்கேயே மாற்றிவிடலாமா? மாமியார் வீட்டில் கௌரவக் குறைச்சல் என்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.

மாடக்குளத்தான்

வாத்தியார் ஐயா, 12 பேர் தரையில் என்றால் பொதுத்தேர்வுக்கு முந்தைய ரிவிஷன் டெஸ்ட் எப்படி எழுதினார்கள்? அப்போதும் தரையிலா? ஒரே அறைதானா?

அரியலூர்க்காரி

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று நீட்டி முழக்குகிறவர்கள் ஒன்றைப் பாருங்கள். 2025 பிளஸ் டூ தேர்ச்சி சதவீதத்தில் முதல் இடம் எங்கள் அரியலூர் மாவட்டம், 98.82. சென்னையும் இல்லை, கோவையும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் பத்தாம் வகுப்பிலும் அரியலூர்தான் முதலில் வந்தது. சிமெண்ட் லாரி தூசிக்குள் படிக்கிற பிள்ளைகள் நாங்கள். விடுதிப் பள்ளிக்கு லட்சம் கட்ட எங்கள் ஊரில் ஆள் ஏது? மெல்லக் கற்போரைப் பிரித்து உட்கார வைத்து மினிமம் மெட்டீரியல் கொடுத்து, இருட்டும்வரை கூட இருந்த டீச்சர்களால் வந்தது அது.

கொங்கு நாட்டான்

மினிமம் மெட்டீரியல்! அதைத்தான் கேட்க நினைத்தேன். 35 மார்க்குக்கு எந்தக் கேள்வி போதும் என்று சொல்லிக் கொடுப்பது படிப்பா? கிராஃபும் ஜியோமெட்ரியும் மட்டும் போடச் சொல்லி 16 மார்க், மிச்சத்துக்கு ஒன் வேர்ட். இப்படிப் பாஸ் போட்ட பையன் நீட் தேர்வில் என்ன செய்வான்? என் மகனுக்குப் பாஸ் பிரச்சினையே கிடையாது, கட்ஆஃப்தான் பிரச்சினை.

பழைய கணக்கு வாத்தியார்

அந்த 16 மார்க்கைக் கேவலமாகப் பேசாதீர்கள். ஸ்கேல் பிடிக்கத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்த பையன், தொடுகோடு வரைந்து, அது சரியாக வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். அந்த முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. அவனுக்குப் பாஸ் என்றால் ஐடிஐ, பாலிடெக்னிக், வேலைக்கு ஒரு சான்றிதழ். ஃபெயில் என்றால் அடுத்த நாளே கரிமூட்டம். உங்கள் மகனுக்குக் கட்ஆஃப் வேண்டும், என் பிள்ளைகளுக்கு அந்த ஊரை விட்டு வெளியே வர ஒரு கதவு வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். நீட் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் 7.5 சதவீதம் ஒதுக்கிய பிறகு டாக்டருக்குப் படிக்கப் போனவர்களும் 35 மார்க் பிள்ளைகளா?

கொங்கு நாட்டான்

ஒதுக்கீடு கொடுத்துத்தான் போக முடிகிறது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

அரியலூர்க்காரி

லட்சம் லட்சமாகக் கட்டிக் கோச்சிங் போனதும் ஒரு ஒதுக்கீடுதான். பணக்காரன் ஒதுக்கீடு.

புள்ளிவிவரம்

ஆந்திரத்தில் 2008இல் 180 கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். குலுக்கலில் பெயர் வந்த ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் படிக்கச் செலவுத் தொகை கொடுத்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தினார்கள். தனியார் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு ஆன செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மாடக்குளத்தான்

அங்கே ஒரு அறையில் எத்தனை பேர்?

கொங்கு நாட்டான்

மூன்றில் ஒரு பங்கு செலவில் அதே ரிசல்ட் என்றால் யார் திறமைசாலி? அரசு ஆசிரியர் சம்பளத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தியும் கூடுதலாகக் கிடைக்கிறது.

அரியலூர்க்காரி

வந்துவிட்டாரய்யா இந்திக்கு. எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்.

கொங்கு நாட்டான்

நான் இந்தியைக் கொண்டுவரவில்லை, புள்ளிவிவரம் சார் கொண்டுவந்தார். வாத்தியார் ஐயாவிடம் நேராகவே கேட்கிறேன். உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

பழைய கணக்கு வாத்தியார்

என் மகள் பத்தாம் வகுப்பு வரை என் பள்ளியில், என் வகுப்பில், அதே தரையில் உட்கார்ந்து படித்தாள்.

கொங்கு நாட்டான்

பதினொன்றாம் வகுப்பு?

பழைய கணக்கு வாத்தியார்

எங்கள் ஊரில் இருந்தது உயர்நிலைப் பள்ளி, பத்தோடு முடிந்துவிடும். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி 17 கிலோமீட்டர். பெண் பிள்ளையை அந்த மூன்று தடவை பஸ்ஸை நம்பி அனுப்ப முடியாமல், ராமநாதபுரத்தில் தங்கை வீட்டில் விட்டுத் தனியாரில் சேர்த்தேன்.

கொங்கு நாட்டான்

அவ்வளவுதான் ஐயா. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

பழைய கணக்கு வாத்தியார்

சொல்லித்தான் பாருங்களேன். அங்கே செக்‌ஷனுக்கு 55 பேர். உங்கள் 30 பேர் கதை அங்கேயே செத்துப்போனது. அவள் தேறியது பத்தாம் வகுப்பு வரை நாங்கள் போட்ட அஸ்திவாரத்தில். சம்பளம் பற்றிப் பேசுகிறீர்கள். மாலை ஆறு மணி முதல் எட்டு வரை வேப்பமரத்தடியில் ஈவினிங் ஸ்டடி நடத்தினேனே, அதற்கு எந்தச் சம்பளமும் கிடையாது. 62 பேரையும் ஆறு குழுவாகப் பிரிப்பேன். குழுவுக்குப் பத்துப் பேர், இரண்டு குழுவில் மட்டும் பதினொன்று. நன்றாகப் படிக்கிறவன் ஒருவன் தலைவன். கூட்டுத்தொடரைப் பத்துப் பேருக்கும் புரிய வைக்காமல் அவன் வீட்டுக்குப் போகக் கூடாது. பெட்ரோமாக்ஸ் மண்ணெண்ணெய்க்கு என் கைக்காசு.

மாடக்குளத்தான்

இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. பத்துப் பேர் பத்துப் பேராகப் பிரித்துத்தான் பாஸ் ஆக்கியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது 62 பேர் வகுப்பு இல்லை, பத்துப் பேர் வகுப்பு. கொங்கு நாட்டான் சொன்னதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

பழைய கணக்கு வாத்தியார்

குழு வேறு, வகுப்பு வேறு. காலையில் கரும்பலகைக்கு முன்னால் 62 பேர். அதை யாரும் மாற்ற முடியாது.

கொங்கு நாட்டான்

மாடக்குளத்தானுக்கு நன்றி. நான் முதல் நாளே சொன்னது இதுதான்.

பழைய கணக்கு வாத்தியார்

நீங்கள் சொன்னது தனியார் பள்ளியில் வரும், அரசுப் பள்ளியில் வராது என்று. வார்த்தையை மாற்றாதீர்கள். பிரித்தது யார்? அரசுப் பள்ளி வாத்தியார்.

புள்ளிவிவரம்

2009இல் அரசுப் பள்ளியின் எஸ்எஸ்எல்சி 500 மதிப்பெண், தனியார் பள்ளியின் மெட்ரிக் 1100 மதிப்பெண், பாடத்திட்டமே வேறு. அந்த வருட ரிசல்ட்டை வைத்து இந்த இரண்டு வகைப் பள்ளியையும் ஒப்பிடவே முடியாது என்பதையாவது...

மாடக்குளத்தான்

அதெல்லாம் இருக்கட்டும் சார். ஐயா, 12 பேர் தரையில் என்றீர்கள். 20க்கு 20 அறையில் பத்து பெஞ்ச் போட்ட பிறகு தரையில் 12 பேருக்கு இடம் எங்கே இருக்கிறது? வராந்தாவையும் சேர்த்துச் சொல்கிறீர்களா?

இரண்டு பிள்ளை அம்மா

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு வருடத்தின் நடுவில் சேர்ப்பார்களா? நாளைக்கு ஹெச்எம்மைப் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன்.

பழைய கணக்கு வாத்தியார்

மாடக்குளத்தான், என் அறை 20க்கு 20 இல்லை. ஓட்டுக் கட்டிடம், நீள அறை. கட்டிடம் இன்றைக்கும் நிற்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், நானே கூட வந்து அளந்து காட்டுகிறேன். அந்த 62 பேரில் ஒருவன் இன்று அதே பள்ளியில் கணக்கு வாத்தியார்.

மாடக்குளத்தான்

நீள அறை என்றால் நடுவில் தட்டி வைத்து இரண்டாகத் தடுத்திருந்ததா?