மலை ஏத்தத்துல டிரெய்லர் இழுக்க எந்த இன்ஜின்?

வணக்கம் நண்பர்களே. டென்வர்ல இருக்கோம். குடும்பத்தோட கேம்பிங் போக டிரெய்லர் வாங்கியாச்சு, சாமானோட 6,000 பவுண்டு வரும். இழுக்க ஒரு பழைய பிக்கப் தேடுறேன். ஐ-70 நெடுஞ்சாலைல ஐசன்ஹோவர் சுரங்கம் வரை ஏறணும், அது கடல் மட்டத்துலேர்ந்து 11,000 அடிக்கு மேல.

டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ற கருவி) இல்லாத இன்ஜின், உயரம் கூடக் கூட ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பவரை இழக்கும். அதனால டர்போ இல்லாத எஃப்-150 5.0 லிட்டர் வி8-ஐ மனசில்லாம விட்டுட்டேன்.

மிச்சம் ரெண்டு, ரெண்டுமே டர்போ உள்ள 2021 மாடல். எஃப்-150 3.5 ஈகோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜின்ல டார்க் (சுழற்று விசை) 500 பவுண்டு-அடி, ஆனா அது 3,100 ஆர்பிஎம்-ல (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற எண்ணிக்கை). சில்வராடோ 3.0 டியூராமேக்ஸ் டீசல்ல 460 தான், ஆனா 1,500-லயே கிடைச்சிடுது. ஏத்தத்துல டிராஃபிக்ல நின்னு, பின்னாடி உருளாம மறுபடி நகர்த்த இதுதானே வேணும்? என் ஓட்டு டீசலுக்கு.

பயம் ஒண்ணுதான்: அந்த டீசல்ல இன்ஜின் ஆயில் பம்பைச் சுத்தற பெல்ட். 1,50,000 மைல்ல மாத்தணும். இன்ஜினுக்குப் பின்பக்கம் இருக்கறதால கியர்பாக்ஸையே இறக்கணும். பார்த்து வச்சிருக்கற வண்டி ஏற்கனவே லட்சம் மைலைத் தாண்டிடுச்சு.

இதை மாத்தினவங்க யாராவது இருக்கீங்களா, எவ்வளவு ஆச்சு? 3.23 ஆக்சில் விகிதம் (எண் கூடினா இழுவை கூடும்) போதுமா, 3.73-க்குக் காத்திருக்கணுமா? இறக்கத்துல எந்த வண்டி பிரேக்கை அதிகம் மிதிக்க விடாம பிடிச்சுக்குது? மலைல டிரெய்லர் இழுத்த அனுபவம் இருக்கறவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க, இந்த வாரக் கடைசியில முடிவு பண்ணணும்.