நமக்கு நாமே திட்டம்: டிடி எடுக்கும் முன் சில சந்தேகங்கள்

வணக்கம். மாநகராட்சிப் பூங்காவில் பேவர் பிளாக் நடைபாதை போடணும், மக்கள் ஒரு பங்கும் அரசு மீதியும் போடும் நமக்கு நாமே திட்டத்தில். மதிப்பீடு 9 லட்சம். மூன்றில் ஒரு பங்கு, 3 லட்சம், எங்க குடியிருப்போர் சங்கம் டிடியாக (வங்கி வரைவோலை) கட்டணும். வசூல் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும்தான், வரிசை எண் போட்ட ரசீதோடு. பொருளாளரின் ஜிபேக்கு வாங்கினால் எது நன்கொடை, எது அவர் சொந்தப் பணம் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இத்திட்டத்தில் வேலை முடித்த சங்கத்தார் சொல்லுங்க: டெண்டரில் விலைப்புள்ளி மதிப்பீட்டைத் தாண்டினால், கூடுதல் தொகையிலும் நம்மிடம் பங்கு கேட்பாங்களா? குறைந்தால் மிச்சம் திரும்புமா? 9 லட்சத்தில் ஜிஎஸ்டி அடக்கமா என்பதும் மதிப்பீட்டுத் தாளில் தெளிவா இல்லை. மரக்கன்று நடும் தன்னார்வலர் உழைப்பைப் பங்காகக் காட்டலாமா, பணம் மட்டும்தானா?

முக்கியமான கேள்வி இதுதான். கல் பதித்த பிறகு அடியில் ஜல்லி எத்தனை அங்குலம், கெட்டித்தார்களா என்று யாரும் பார்க்க முடியாது. முதல் மழையில் பள்ளம் விழுவது அங்கேதான். எம்-புக்கில் (முடித்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகம்) அளவு எழுதும்போது சங்கத்து ஆள் கூட நிற்க எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கியவங்க இருக்கீங்களா? அளவுகோல் வைத்து எடுத்த போட்டோவை பில் பாஸ் பண்ணும்போது ஏத்துக்கிட்டாங்களா?

நிர்வாக அனுமதி ஆணையின் நகல் இருந்தால், பெயர், நம்பரை மறைத்துப் போடுங்க.