ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம்

மாதவரத்தில் பஸ் ஏறினால் செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. அதைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி, ஆந்திரம். பிரதோஷத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆலகால விஷம் உண்ட சிவன் பார்வதி மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். லிங்கமாகவே கும்பிட்டுப் பழகிய அம்மாவுக்கு அங்கிருந்து நகர மனமில்லை. வாசலில் பூக்காரம்மா எங்களிடம் தமிழில் விலை சொன்னார், பக்கத்தில் நின்றவரிடம் தெலுங்கில் சண்டை போட்டார்.

எனக்கு ஆசை வேறு. திரும்பும் வழியில் ஆட்டோ பிடித்து தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட் போனோம். கண்டலேறு அணையிலிருந்து ஆந்திரத்துக்குள்ளேயே 152 கி.மீ. ஓடிவரும் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டில் நுழையும் இடம் இதுதான். பூண்டி ஏரிக்கு இன்னும் 25 கி.மீ. சென்னைக் குடிநீருக்காக ஆந்திரத்தோடு ஒப்பந்தம் 1983-ல், தண்ணீர் வந்தது 1996-ல். ஆண்டுக்கு 12 டிஎம்சி என்று பேச்சு; முழுசாக வந்துசேர்ந்தால் அதிசயம்தான். நாங்கள் போனபோது திறப்பு இல்லை. நீர்மட்டம் பார்க்கும் அளவுகோலில் கீழ் எண்களைப் பாசி மூடியிருந்தது, தேங்கிய தண்ணீரில் ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். “இதைத்தான் நாம குடிக்கிறோமா?” என்றார் அம்மா. சுத்திகரித்துத்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன்.

*

அண்ணா, உங்கள் சுருட்டப்பள்ளிப் பயணக் குறிப்பைப் படித்தேன். எங்களுக்குப் பூர்வீகமே சத்தியவேடு பக்கம். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம் பக்கம் வந்ததை ம.பொ.சி. பெயரோடு சேர்த்து எல்லோரும் சொல்வார்கள். அதே நாளில், அதே ஏற்பாட்டில், செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனதைச் சொல்ல ஆளில்லை. தாத்தாவின் நிலப் பத்திரத்தில் பொன்னேரி தாலுகா என்றிருக்கும், எல்லாம் தமிழ். பட்டா மாற்றப் போன அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை; எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொன்னார்கள். அவர் எல்லைக்கல் விவரம் வரை தடங்கலில்லாமல் வாசித்தார். டீக்குக் காசும் வாங்கவில்லை.

*

உங்கள் குறிப்பைப் படித்த இன்னொருவன் நான். சுருட்டப்பள்ளி வரை போகிறவர்கள் அப்படியே நாகலாபுரமும் பாருங்கள். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலா பெயரில் அமைத்த ஊர், மச்ச அவதாரப் பெருமாள். மேற்கு பார்த்த கோயில் என்பதால் மார்ச் மாத மாலையில் வெயில் மூலவர் வரை போகும்: முதல் நாள் பாதம், அடுத்த நாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி. அந்தக் கூட்டத்தில் நான் பார்த்தது முன்னால் நின்றவர் முதுகைத்தான், அது வேறு விஷயம்.

அப்புறம், மழைக்காலத்தில் கிளம்பினால் ஆரணியாற்றின் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரைப்பாலம் இருந்த காலத்தில் ஆரணியாறு பொங்கி ஊத்துக்கோட்டையில் ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டவன் நான்.