தாராசுரம் சிற்பங்களுக்குச் சிறிய கேமரா போதுமா?

கேள்வி:
தாராசுரம் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சொல்லும் சிறு புடைப்புச் சிற்பங்களைப் படமெடுக்க விரும்புகிறேன். பையில் அடங்கும் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 போதுமா, லென்ஸ் மாற்றக்கூடிய, பெரிய சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) கொண்ட ஏபிஎஸ்-சி வகைக் கேமராவே வேண்டுமா?

மறுமொழி 1:
முதலில் சென்சாரைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் கேமராவில் அது 13.2 × 8.8 மி.மீ.; ஏபிஎஸ்-சி வகையிலோ ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., அதாவது பரப்பில் மூன்று மடங்கு. தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள கோயில்களில் அனுமதியின்றி முக்காலி வைக்க இயலாது என்பதால், மண்டபத்தின் அரையிருளில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) உயர்த்தியே எடுக்க நேரிடும். அப்போது சிறிய சென்சாரில் கல்லின் உளித்தடங்கள் படத்தில் தோன்றும் இரைச்சல் புள்ளிகளுக்குள் கரைந்துவிடும்.

மறுமொழி 2:
மண்டபத்துக்கு அது சரி. ஆனால், அவர் கேட்கும் சிற்பங்கள் கருவறையின் வெளிச்சுவர் அடித்தளத்தில், நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன. சாய்வெயிலில் குனிந்து எடுப்பதற்கு 302 கிராம் கேமராவே வசதி. (என் பெரிய கேமரா பெரும்பாலும் அலமாரியில்தான் குடியிருக்கிறது.)

மறுமொழி 3:
பெரியதை வாங்கினாலும், உடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸோடு நின்றுவிடாதீர்கள். அதன் ஒளித்துளை (எஃப் எண் கூடினால் துளை சிறியது, ஒளி குறைவு) பெரும்பாலும் எஃப்/3.5-இல் தொடங்கி, ஜூம் செய்யும்போது 5.6-க்குச் சுருங்கும், ஆர்எக்ஸ்100 மார்க் 7-இலோ 2.8 முதல் 4.5 வரைதான். எனவே, சென்சாரில் பெறும் ஆதாயத்தில் ஒரு பகுதியை லென்ஸிலேயே இழந்துவிடுவீர்கள். மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கப் பணம் ஒதுக்க முடிந்தால் மட்டும் பெரியதற்குப் போங்கள்.